தகவலாளி எண் பதினேழு

புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இரண்டு பத்தியாக ஓடுமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று, அந்தச் சொல்லடைவைப் போடுவதுதான் என் வேலை. அதை யாரும் படிப்பதில்லை. புரட்டுகிறவர்களும் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஆனால் போடுகிறவள் முழுப் புத்தகத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாக வேண்டும். மதம், சமூகம், அரசியல் என்று இந்த ஆய்வு நிறுவனம் பத்தொன்பது வருடங்களில் வெளியிட்ட அத்தனையையும் படித்த ஒரே ஆள் நான்தான். எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் இயக்குநருக்குக் கீழ்த்தளத்தில் வைத்த பெயர் கண்டம். எதைப் பேசினாலும் ‘கண்டம் தழுவிய பார்வையில்’ என்றுதான் தொடங்குவார். ஒருமுறை கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று புகார் சொல்லப் போனேன். நீர் மேலாண்மை என்பது கண்டம் தழுவிய பார்வையில் ஒரு நிர்வாகப் பண்பாட்டுச் சிக்கல் என்றார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

அவருடைய பதினோரு வருட உழைப்பு ஒருவழியாகப் புத்தகமாக அச்சுக்குத் தயாரானது. இந்தக் கண்டத்து மனிதர்கள் கடவுளை எவ்வளவு நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை எப்படி ஓட்டுச்சாவடி வரைக்கும் வருகிறது என்பது விஷயம். அறுநூற்று நாற்பது பக்கம். மற்ற நாடுகளுக்கெல்லாம் புள்ளிவிவர அட்டவணைகள். எங்கள் நகரத்திலிருந்து மட்டும் அறுபது பேரிடம் எடுத்த ஆழமான நேர்காணல்கள். ஆய்வு நெறிப்படி யார் பெயரும் வராது. தகவலாளி எண், வயது, தொழில், அவ்வளவுதான். அதில் இயக்குநருக்கு ரொம்பப் பெருமை.

இரண்டாம் அத்தியாயத்தில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. தகவலாளி எண் நான்கு, முப்பத்தெட்டு வயது, சிறு வியாபாரி. ‘ஆட்சி யார் கையில இருந்தா என்ன, ஸ்டீயரிங்தான் மாறுது, பெட்ரோல் நம்ம காசுதான்’ என்கிறார். எண் ஒன்பது, ஓய்வுபெற்ற ஆசிரியர். ‘கடவுள் பயம்கிறது பிரேக் மாதிரி, இறக்கத்துலதான் அருமை தெரியும்’ என்கிறார். எண் இருபத்திரண்டு ஒரு வேலையில்லாப் பட்டதாரி. அவர் தன் தலைமுறையே நியூட்ரலில் நிற்கிறது என்று வருந்துகிறார். முப்பதும் ஐம்பத்து மூன்றும்கூட கிளட்ச், டயர் என்றே பேசினார்கள். இயக்குநர் விட்டாரா? ‘இக்கண்டத்தின் அரசியல் கற்பனையில் வாகனம் என்னும் உருவகம்’ என்று ஒன்றரைப் பக்க அடிக்குறிப்புப் போட்டிருந்தார்.

நான் நேராக வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனேன். இயக்குநரின் டிரைவர் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஓய்வுபெற்ற வாத்தியார் சவுக்கியமா?” என்றேன்.

அவர் துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். “கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?”

“எத்தனை பேரு நீங்க?”

“பேட்டி எடுக்க வந்த பிள்ளைங்களுக்கு அறுபது பேரு, நாப்பது நாள்னு சொல்லிட்டாங்க. இந்த வெயில்ல எவன் கதவைத் திறந்து, கடவுள் இருக்காரான்னு கேட்டா உக்காத்தி வச்சிப் பதில் சொல்லுவான்? பாவம், வாடிப் போய் வண்டியில ஏறுவாங்க. அண்ணே, ஒரு வியாபாரி எப்படிப் பேசுவாருன்னு நீங்களே சொல்லிடுங்கன்னாங்க. சொன்னேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. வாத்தியாருக்குக் கொஞ்சம் இருமிக்கூடக் காட்டினேன்.”

“இதுல கடவுள் பயத்தைப் பத்தி வேற பேசியிருக்கீங்க.”

“அவங்களுக்கு என்ன வேணும்னு கேள்வியிலயே தெரிஞ்சிடும்க்கா. வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாதில்ல.”

நான் சிரித்துவிட்டு மேலே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காதில் பூ சுற்றியது யார், சுற்றிக்கொண்டது யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் வாயை மூடிக்கொள்வது நல்லது என்பது பத்தொன்பது வருட அனுபவம். அஞ்சு பேரின் குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

அடுத்த வாரம் டிரைவரே என் அறைக்கு வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார். அச்சகத்திலிருந்து வெளியீட்டு விழா அழைப்பிதழின் மாதிரியை வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அது அவர் கையில் இருந்தது. விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. கீழ் அரங்கத்தில் விழா. ஊழியர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி இலவசம். இயக்குநர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசிப்பார். அழைப்பிதழின் முகப்பில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வரியைத் தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘நம்புறதை நிறுத்திட்டேன், போறதை நிறுத்தல. – தகவலாளி எண் 17.’

“அந்த அஞ்சும் கதை,” என்றார். “இது நான்.”

சொல்லடைவில் நான் அப்போது தொண்ணூறாம் பக்கத்தில் இருந்தேன். அச்சுக்கு முன் திருத்த வந்த மெய்ப்புத் தாள்களின் கட்டை எடுத்து நூற்றுப் பன்னிரண்டைத் திருப்பினேன். பதினோரு வரி. அதில் ஸ்டீயரிங் இல்லை, டயர் இல்லை.

‘பொண்ணு போன அன்னிக்கே எனக்கு விட்டுப் போச்சு. யாருகிட்ட கேட்டோமோ அங்க யாரும் இல்லன்னு தோணிடுச்சு. நம்புறதை நிறுத்திட்டேன், போறதை நிறுத்தல. வாரம் தவறாம என் சம்சாரம் கூடப் போறேன். அவ பக்கத்துல கண்ணை மூடி நிப்பா, உதடு அசைஞ்சிக்கிட்டே இருக்கும். அவளுக்கு அங்க பொண்ணு கிடைக்கிறா போல. இல்லன்னு சொல்லி அதையும் பிடுங்க எனக்கு மனசு வரல. நானும் கண்ணை மூடிக்குவேன்.’

அவர்கள் மகளை எனக்குத் தெரியும். பதினோரு வயது. பள்ளி விட்டு வந்தால் அப்பா வரும்வரை விருந்தினர் விடுதியின் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு அறுவைச் சிகிச்சைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் அம்மாதான் எங்கள் விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர். காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் எல்லா அறைக்கும் டீ கொண்டு வருபவரும் அவரே. மகள் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் வாரத்தில் ஒரு நாள் காலையில் வழிபாட்டுக் கூடத்துக்குப் போகத் தவறியதில்லை. துக்கம் அவர்களைக் கடவுள் பக்கம் திருப்பிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் பேசினேன்.

“எதுக்கு இதைப் போய்ச் சொன்னீங்க?” என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“அன்னிக்கு பாப்பா போன தேதிக்கா. நல்ல மழை. பாலத்து மேல வண்டி நகரவே இல்ல. பேட்டி எடுக்கிற பொண்ணு ரெக்கார்டரை வச்சிக்கிட்டு, அண்ணே, நம்பிக்கையில்லாதவர் ஒருத்தர் மட்டும் குறையுதுன்னா. வாய்ல வந்துடுச்சு.” அட்டையை இரண்டாக மடித்தார். “விழாவுல டீ குடுக்கறது என் சம்சாரம்தான். அங்க நின்னு இதைக் கேட்டா, ஆறு வருஷமா பக்கத்துல நின்னவன் நடிச்சிக்கிட்டு நின்னான்னு தெரிஞ்சிடும். அவளுக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த ஒண்ணுதான். எப்படியாவது எடுத்துருங்க.”

எடுக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

இயக்குநர் அறையில் சுவர் முழுக்கக் கண்டத்தின் வரைபடம், அதில் கலர் கலராகக் குண்டூசி. நான் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தகவலாளி பதினேழை எடுத்துவிடலாம், அவருக்கு வீட்டில் சிக்கல் வரும்.

“மேடம், அதுதான் இந்தப் புத்தகத்தோட இதயமே. நம்பிக்கையற்ற பங்கேற்பு! கண்டம் தழுவிய பார்வையில இத யாரும் இதுவரைக்கும் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல.”

“சொன்னவருக்கு ஒரு மனைவி இருக்காங்க சார்.”

“பேரே போடலையே.”

“பேரு போடலைன்னா வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பரிவோடு பார்த்தார். “தகவலாளிகள் வீட்ல இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் படிப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?”

அந்த நேரத்தில் டீ வந்தது. பதினேழாம் எண்ணின் மனைவி, சர்க்கரை குறைவாகப் போட்ட கோப்பையை அவர் முன்னால் வைத்தார். “உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?” என்று அன்பாகக் கேட்டார் இயக்குநர். வருடத்துக்கு இரண்டு முறையாவது இப்படிக் கேட்பார். “வண்டி ஓட்டறார் சார்,” என்றார் அவர். “நல்லது, நல்லது,” என்றார் இயக்குநர். பதினோரு வருடமாக அந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிற மனிதர் இவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டீக்காரம்மா போனதும் அஞ்சு பக்கங்களை அவர் மேசைமேல் வரிசையாக வைத்தேன். ஸ்டீயரிங், பிரேக், நியூட்ரல், கிளட்ச், டயர்.

“நாலு, ஒன்பது, இருபத்திரண்டு, முப்பது, ஐம்பத்து மூணு. அஞ்சு பேரும் ஒரே ஆள் சார். பதினேழும் அவர்தான். பதினேழைச் சபையில வாசிச்சு, யாராவது அந்த ஆளைத் தேடிப் பிடிச்சிட்டா, மத்த அஞ்சும் கூடவே வெளிய வரும். அந்த வாகன உருவகமும்.”

இயக்குநர் பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் சுண்டிப் போனது. நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“இப்போதைக்கு எனக்கு.”

“பதினேழை எடுத்துட்டா…”

“யாரும் தேட மாட்டாங்க.”

“மத்த அஞ்சும் இருக்கலாமில்ல? அடிக்குறிப்புக்கு ரொம்ப மெனக்கெட்டிருக்கேன்.”

இருக்கலாம் என்றேன். ஆறில் பொய் அஞ்சும் அச்சுக்குப் போவதென்றும், உண்மை ஒன்றை மட்டும் நீக்குவதென்றும் முடிவாயிற்று. அந்த ஒரே ஆள் யார் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.

ஆனால் பதினோரு வரியை எடுத்தால் அந்த இடத்தில் பதினோரு வரி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் பக்கமெல்லாம் நகரும், அட்டவணையும் அடிக்குறிப்பும் இடம் மாறும். அன்று சாயங்காலம் நானே எழுதினேன். ‘நம்பிக்கை என்பது ஒற்றைப் பரிமாணத்தில் அடங்குவதன்று, அது தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் இடையிலான இடையறாத உரையாடல்வெளியாகும்’ என்று ஆரம்பித்துக் கை போன போக்கில் போனேன். ஒன்பதாவது வரியில் எனக்கே தூக்கம் வந்தது. இயக்குநர் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

“இத நான் எப்ப எழுதினேன் மேடம்?”

“முதல் வரைவுல சார்.”

“நல்லா வந்திருக்கு. விழாவுல இதையே வாசிக்கிறேன்.”

அழைப்பிதழின் தங்க எழுத்திலும் அதையே போடச் சொன்னார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் டிரைவருக்குத் தன் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. நான் எடுத்தாச்சு என்று சொன்னதை நம்பினார், இருந்தாலும் வேறு எங்காவது ஒரு மூலையில் தன் வாய்ச்சொல் கிடக்குமோ என்று பயம். சொல்லடைவை முடித்த கையோடு மெய்ப்புக் கட்டை அப்படியே அவரிடம் கொடுத்தேன். மறுநாள் அவர் விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. விழாவுக்கு வரும் வெளிநாட்டு அறிஞரின் விமானம் நாலு மணி நேரம் தாமதம். டிரைவர்களைப் போலப் படிக்க நேரம் கிடைத்தவர்கள் எங்கள் நிறுவனத்திலேயே கிடையாது.

அதற்கு அடுத்த நாள் மாலை வந்தார். கட்டை மேசைமேல் வைத்து, ஓரம் மடித்த ஒரு பக்கத்தைத் திறந்தார். இருநூற்று முப்பத்தொன்று.

“இதையும் எடுக்கணும்க்கா.”

“இது நீங்க இல்லையே. பொம்பளை.”

“படிங்க.”

எனக்குப் படிக்கத் தேவையில்லை, ஐந்து நாளைக்கு முன்னால்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தேன். இருந்தாலும் படித்தேன். தகவலாளி எண் நாற்பத்தொன்று, நாற்பத்தாறு வயது, குடும்பத் தலைவி, தீவிர பக்தை.

‘ஒரு வாரமும் விடறதில்ல. வீட்டுக்காரருக்காகத்தான். நான் வரலைன்னா அவரும் வர மாட்டாரு. அது இல்லன்னா மனுஷன் உடைஞ்சிடுவாரு. நான் அங்க போயி கண்ணை மூடிக்கிட்டு நூறுலேருந்து பின்னால எண்ணுவேன். நூறு, தொண்ணூத்தொம்பது, தொண்ணூத்தெட்டு. ஒண்ணு வந்ததும் மறுபடியும் நூறுலேருந்து. எண்ணிக்கிட்டே இருந்தா எப்படியோ முடிஞ்சிடும்.’

ஏழு வரி. அதற்குக் கீழே, இது எண்களை அடிப்படையாகக் கொண்ட ஒரு பழமையான தியான மரபின் எச்சமாக இருக்கலாம் என்று இயக்குநர் விளக்கியிருந்தார். நானும் சொல்லடைவில் ‘தியானம், எண் சார்ந்த: 231’ என்று போட்டிருந்தேன்.

“ஆபரேஷனுக்கு முந்தின நாள் பாப்பா ரொம்பப் பயந்தா,” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “மயக்க மருந்து குடுக்கும்போது நூறுலேருந்து பின்னால எண்ணு, பயம் தெரியாது, முடிஞ்சிடும்னு இவதான் சொல்லிக் குடுத்தா. ராத்திரி எல்லாம் ரெண்டு பேரும் எண்ணிப் பழகினாங்க. வேற யாருக்கும் தெரியாதுக்கா அது.”

ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான். குரலை வைத்தே ஆளைப் பிடிக்கிறவள். தினம் இரண்டு வேளை அந்தம்மா கையால் டீ வாங்கிக் குடிக்கிறவள். பின் சீட்டு மனிதரைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஞாபகம் வந்து மூக்கு உடைபட்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

“ஆறு வருஷமா உதடு அசையறதைப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்,” என்றார். “வேண்டிக்கிறான்னு நெனச்சேன்.”

“எடுத்துடறேன். சாரைக் கேக்கவும் வேணாம், ஏழு வரி எனக்கே எழுத வரும். ஆனா எதுக்கு எடுக்கணும்? இதுல பொண்ணைப் பத்தி ஒண்ணும் இல்லையே. அவங்கன்னு யாருக்குத் தெரியப் போவுது?”

“ஆளுக்கொரு புத்தகம் குடுக்கறாங்களே. எங்க வீட்டுக்கு ரெண்டு வரும். அவ படிப்பா. நானும் படிச்சிருப்பேன்னு அவளுக்குத் தோணும். எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே பேட்டி எடுக்க வந்த யாரோ ஒரு பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லியிருக்கா.”

கதவு தட்டும் ஓசை கேட்டது. நாலு மணி. அவர் மனைவி தட்டோடு உள்ளே வந்தார். நான் பக்கத்தைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“நீங்க இங்கயா இருக்கீங்க? உங்களுக்குக் கொட்டகையில கொண்டு போய் வச்சிட்டேனே,” என்றார் புருஷனிடம். எனக்கு டீயை வைத்துவிட்டு, “விழா வேலை இருக்குன்னு நாளைக்குக் காலையில நின்னுடாதீங்க. சட்டை தேச்சு வச்சிருக்கேன்,” என்றார்.

“நின்னுடுவேனா? நீ வரும்போது நான் வராம இருப்பேனா?”

அந்தம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவர் முகத்திலும் அதே நிம்மதியைத்தான் பார்த்தேன். கதவு சாத்தியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

“இவ்வளவுக்கு அப்புறமும் ஏன்? போய்ச் சொல்லிடுங்களேன். நீங்க அவங்களுக்காகப் போறீங்க, அவங்க உங்களுக்காக வராங்க. சொல்லிட்டா ரெண்டு பேருமே நிம்மதியா வீட்ல இருக்கலாமே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அதான்க்கா. சொல்லிட்டா நாளைக்குக் காலையில ரெண்டு மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் வீட்லயே இருக்கணும். பாப்பா ரூமுக்கு எதிர்ல.”

நான் பேனாவை எடுத்து அந்த ஏழு வரியையும் அடித்தேன்.